புகைந்தது கார்தான், தாங்கள் அல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, என் மனைவி என்னுடன் பேசவில்லை, என் மகள் பேசுகிறாள், அது இன்னும் மோசமாக இருக்கிறது. ஆகவே சுகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை தாங்கள் போன் செய்து, "கல்யாணத்துக்கு நம்ம பழைய கார்லதான் வரப் போறோம். புகை சர்ட்டிபிகேட் முடிஞ்சுபோச்சு. சம்பந்தியே பரிசோதனை நிலையம் வச்சிருக்கும்போது வெளியில எதுக்குப் போகணும்?" என்றீர்கள். தங்கள் குரல் கரகரத்தது. பாசத்தில் கரகரக்கிறது என்று நினைத்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. கார் வந்தது. நானே இறங்கித் துடைத்தேன், இயந்திரத்தைச் சூடாக்கினேன், புகைபோக்கிக்குள் குழாயைச் செருகினேன், ஓட்டுநரை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். சம்பந்தி, என் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அப்படி ஒரு புகையைப் பார்த்ததில்லை. எதிர்ச்சுவரில் இருந்த 'காற்றைக் காப்போம்' பலகையில் 'காற்றை' காணாமல் போய்விட்டது. இருக்க வேண்டிய அளவுக்கு ஒன்றரை மடங்கு காட்டியது. கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். இயந்திரம் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, அளவையும் சேர்த்து நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறது. அதில் சம்பந்தி என்று தனியாக ஒரு பொத்தான் கிடையாது.

சரி, யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடுவோம் என்று என் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அங்கேதான் சனி பிடித்தது. அவனைத் தெருவே சம்மட்டி என்றுதான் கூப்பிடும். கார் என்ஜினானாலும் கைக்கடிகாரமானாலும் முதலில் ஒரு தட்டு தட்டிப் பார்க்கிற ஆள். என் போனில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கின்றன. 'சம்பந்தி'க்கு நேர் கீழே 'சம்மட்டி'. கையில் கிரீஸ், விரல் வழுக்கியதை நான் கவனிக்கவில்லை. எடுத்தது யார் என்றும் கேட்காமல், பதற்றத்தில் நான் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினேன். ஒளிப்பானேன், சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்:

"இங்க பாருப்பா, இது இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்காது. வெளியில பளபளன்னு இருக்கு, எல்லாம் கறுப்புப் பெயின்ட்டு. நெத்தியில மட்டும் சரியா அடிக்கல, வெள்ளை எட்டிப் பாக்குது. காலையில எழுப்பினா கால் மணி நேரம் இருமுது. மேடு ஏறினா மூச்சு வாங்குது. வயசையும் குறைச்சுதான் சொல்லியிருப்பாங்கன்னு தோணுது. பின்னாடி குழாயைச் சொருகினதும் கறுப்பாக் கக்கிடுச்சு. உள்ள பூராக் கரி. எப்படியாவது கல்யாணம் வரைக்கும் ஓட்டிடு, அப்புறம் எடைக்குப் போட்டுக்கலாம்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "சரிங்கண்ணே," என்றது. போன் வைக்கப்பட்டது. சம்மட்டிக்கு ஏது பெண் குரல் என்று போனைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தி, நான் 'அது' என்றேன். தங்களைப் போய் 'அது' என்பேனா? நெற்றி என்றது முன்கண்ணாடிக்கு மேலே உள்ள கூரை விளிம்பை. தங்கள் தலைமுடி இயற்கையாகவே கறுப்பு என்பது எல்லாரும் அறிந்தது. நானும் என் மனைவியும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவை பேசினோம், அதோடு சரி. இருமல் என்றது என்ஜினை. தங்கள் இருமல் மிகவும் கம்பீரமானது. மூச்சு வாங்கியது கார்தான். தாங்கள் எங்கள் வீட்டு மாடிப்படியில் நடுவில் நின்றது சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பதற்காக என்று அன்றே எல்லாரிடமும் சொன்னேன். குழாய் விஷயத்துக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. இன்று காலை தங்கள் ஓட்டுநர் வந்தார். அந்த மனிதர் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். தங்கள் கையெழுத்து: 'பேசும் நிலையில் இல்லை. காரைக் கொடுத்தனுப்பவும்.' என் மனைவி அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டாள். என் மகள் பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவள் அல்லவா, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இதுல எழுவாய் இல்ல. யாரு பேசும் நிலையில இல்ல, எது பேசும் நிலையில இல்லன்னு தெரியல. நீங்களும் போன்ல எழுவாய் இல்லாமத்தான் பேசினீங்க. தோன்றா எழுவாயாலயே என் கல்யாணம் தோன்றாமப் போயிடும் போலிருக்கு," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, சம்பந்தி. ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் குழாய் வைக்கிற எனக்கு, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

காருக்குக் காற்று வடிகட்டியை மாற்றி, எரிபொருள் தெளிக்கும் மூக்குகளைச் சுத்தம் செய்தாகிவிட்டது. சம்மட்டி ஒரு தடவைகூடத் தட்டவில்லை, நான் தட்ட விடவில்லை. இன்று நேர்மையாகத் தேறிவிட்டது. சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். காரின் புகை நின்றுவிட்டது, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் புகைச்சல். அதை அளக்க என்னிடம் இயந்திரம் இல்லை. என்னைத் திட்டுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டுமானாலும் திட்டுங்கள். குழந்தை மேல் கோபத்தைக் காட்டிவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் மன்னிப்பும். மாப்பிள்ளைக்கு ஆசிகள். காருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கை கட்டி நிற்கும்
பெண்ணின் தகப்பன்

பி.கு. (உறையின் பின்பக்கம், ஓட்டுநர் பிடித்த பிடியை விடாமல் நிற்க எழுதியது): உறையை ஒட்டி ஓட்டுநரிடம் கொடுத்த மறுநிமிடம் சம்பந்தியம்மா போன் செய்தார்கள். "டாக்டர் அவரை மூணு நாள் பேசவே கூடாதுன்னுட்டாரு அண்ணே, தொண்டையில புண்ணு. அதான் சீட்டு. போனும் சத்தமில்லாம அலமாரியில கெடக்கு. நீங்க காரைப் பத்திப் பேசினீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அவரு தலைக்கு மை பூசறதே நான்தான். நெத்தியில நான் வெள்ளை விடுவேனா? அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீங்களும் மூச்சு விடாதீங்க," என்றார்கள். கதவு திறந்துவிட்டது, அடுப்பும் எரிகிறது. கடிதத்தைத் திரும்பக் கேட்டால், "ஐயாவுக்கு எழுதினதை ஐயா கையிலதான் குடுப்பேன்," என்று ஓட்டுநர் முதன்முதலாக வாயைத் திறந்து மறுக்கிறார். ஐயோ, இதையும் தாங்கள்தானே படிப்பீர்கள். மேலே உள்ளதை அடித்துவிடலாம் என்றால் பேனா மை தீரப் போகிறது. ஆகவே சம்பந்தி, சான்றிதழை மட்டும் உருவிக்கொண்டு கடிதத்தைப் பிரிக்காமல் கிழித்துவிடவும். அது சம்மட்டிக்கு எழுதியது. மாறி வந்துவிட்டது.