மரத்தில் தொங்கிய தூக்கம்

“எனக்கு என் சூப்பான் வேணும்” என்றாள் டாக்னி. “இப்பவே.”

ப்ரெபெனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை கேட்டது வாயில் வைத்துச் சப்பும் சின்ன ரப்பர்தான். ஆனால் அது இருக்கும் இடம் பூங்காவில், ஆளுயரத்துக்கு மேலே, ஒரு மரக்கிளையில்.

கட்டிவிட்டவனே அவன்தான். போன வாரம் டாக்னிக்கு மூன்று வயது நிறைந்தது. சூப்பானை விடும் வயதில் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல, சூப்பானுக்கு ரிப்பன் சுற்றி, கொடி பிடித்து, கேக் வெட்டி, சூப்பான் மரத்தில் தொங்கவிட்டார்கள். ப்ரெபென்தான் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். “நான் இனிமே பாப்பா இல்ல!” என்று அவள் கத்தியதில் புறாக்கள் பறந்தன.

“நீதானே கண்ணு மரத்துக்குக் குடுத்தே?”

“குடுத்தேன். இப்ப வேணும்.”

குழந்தைத் தள்ளுவண்டியின் கூரைக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் அவனையே பார்த்தன. குழந்தைகள் காப்பகத்தின் திறந்த கொட்டகையில் வரிசையாக மற்ற வண்டிகள். உள்ளே கம்பளிக்கு வெளியே மூக்கு மட்டும் தெரியத் தூங்கும் குழந்தைகள். கடலோர ஊரான எஸ்பியர்கில் எவ்வளவு குளிரானாலும் மதியத் தூக்கம் வெளிக்காற்றில்தான்.

ப்ரெபென் அவர்களுக்குக் காவல். வார் சரியாக மாட்டியிருக்கிறதா, கம்பளி முகத்தை மூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் குனிந்து மூச்சுக் கேட்க வேண்டும். காப்பகத்தில் இந்த வேலைக்கு யாரும் போட்டி போடுவதில்லை. கை விறைத்துப் போகும், பேச்சுத்துணை கிடையாது. ப்ரெபென் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். மனைவி வீபெக்கே பிரிந்து போன பிறகு, அவன் வீட்டில் கேட்பதற்கு இன்னொரு மூச்சு இல்லை.

ஜன்னல் திறந்தது. காப்பகத்தின் தலைவி யூட்டா தலையை நீட்டினாள்.

“ப்ரெபென்! நீ மூக்கை உறிஞ்சுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. சளியா?”

“காத்து, யூட்டா. கடல் காத்து.”

“கண்ணும் செவந்திருக்கே?”

“அதுவும் காத்துதான்.”

“சளின்னா மறைக்காம சொல்லிடு. ஒரு தும்மல் போதும், அத்தனை பேருக்கும் ஒட்டிக்கும். உடம்புக்கு முடியலன்னா வீடு. இங்க அவ்வளவுதான் சட்டம்.”

வீடு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவனுக்குப் பயம். போன மாதம் காய்ச்சல் என்று அனுப்பி வைத்தார்கள். அத்தனை நாளும் அவனிடம் பேசிய ஒரே ஆள், வானொலியில் வானிலை வாசித்த பெண். கடைசியில் அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் மதியம் டாக்னி தூங்கவே இல்லை. வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவனைப் பார்த்தாள். அடுத்த நாளும் அப்படியே.

“சூப்பான் எங்க?”

அதற்கு மறுநாள் காலை கொண்டுவிட வந்த அவள் அம்மாவிடம் பதமாக விசாரித்தான்.

“சூப்பானா? வீட்டுல அந்தப் பேச்சே இல்லியே! படுத்ததும் தூங்கிடுறா.”

அப்படியென்றால் கோளாறு தன் காவலில்தான் என்று முடிவு கட்டினான் ப்ரெபென். யூட்டாவும் அதே முடிவுக்கு வந்திருந்தாள்.

“தூங்காத பிள்ளைக்கு உடம்பு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கும் தூங்கலன்னா காவலுக்கு வேற ஆளைப் போடுறேன். நீ சமையலறையில காரட் நறுக்கு.”

காரட்டுக்கு மூச்சு கிடையாது.

இடைவேளையில் மருந்துக் கடைக்கு ஓடினான். அதே நீலத்தில், அதே வாத்துப் படம் போட்ட புதுச் சூப்பான். ஓடி வந்து நீட்டினான். டாக்னி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடமே கொடுத்தாள்.

“இது வேலை செய்யாது.”

“ஏன் கண்ணு?”

“இது கடைச் சூப்பான். உள்ள தூக்கமே இல்ல. என்னோடதுல நெறைய இருக்கு.”

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போனான். சாப்பாட்டு மேஜையடியில் இரண்டு நாற்காலிகள். யாரும் உட்காராத நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு நடந்தான்.

மரம் முழுக்கச் சூப்பான்கள் காய்த்துத் தொங்கின. நாற்காலியில் ஏறினான். வாத்து கைக்கு எட்டியது. ரிப்பன்தான் பக்கத்து ரிப்பன்களோடு பின்னிக் கிடந்தது. இழுத்தான். நாற்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் இறங்கியது. கிளையைப் பிடித்தான். கிளை அவனோடு புறப்பட்டு வந்துவிட்டது.

“அம்மா! அந்த மாமா சூப்பான் திருடுறாரு!”

சேற்றில் மல்லாந்து கிடந்தபடியே திரும்பிப் பார்த்தான். ஒரு பையனும் அவன் அம்மாவும்.

“இல்லீங்க... எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்...”

“ஒண்ணா? உங்க மேல ஒரு கூடை கெடக்கு! அது சரி, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க சூப்பான்?”

அவன் எழுந்து துடைத்துக்கொள்ள முதுகைத் திருப்பினான். மஞ்சள் மேலாடையில் காப்பகத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவள் அதைப் படித்தாள். கைப்பேசியை எடுத்தாள்.

மறுநாள் காலை ப்ரெபென் முதல் ஆளாக வந்து, வாத்துச் சூப்பானைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினான். மழையிலும் பறவை எச்சத்திலும் கிடந்த பொருளைக் கொதிக்க வைக்காமல் பிள்ளையிடம் கொடுக்க முடியுமா? குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யூட்டாவும் வந்தாள். வந்ததும் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“மரத்துல ஏறினியா?”

“நாற்காலியில.”

“கிளைய ஒடிச்சியா?”

“அதுவா வந்துச்சு.”

“இதுக்கு முன்னாடி தலையில பேன்னு புகார் வந்திருக்கு. கடிச்சு வெச்சுட்டான்னு புகார் வந்திருக்கு. சூப்பான் திருட்டு இதுதான் முதல் தடவை.”

ப்ரெபென் மூக்கை உறிஞ்சினான்.

“காத்தா?” என்றாள் யூட்டா. “என் அறைக்குள்ள ஏதுப்பா காத்து?”

அவன் கைக்குட்டையைத் தேடும்போதே அவள் மூக்கும் சுருங்கியது. “என்ன நாத்தம் இது?”

பதிலை அபாயமணி சொன்னது.

பழக்கியிருந்தபடியே எல்லாம் நடந்தது. கைக்குழந்தைகள் சக்கரத் தொட்டிலில் உருண்டு வெளியேறின. பெரிய பிள்ளைகள் நீளக் கயிற்றின் முடிச்சுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு புல்வெளிக்கு நடந்தார்கள். யூட்டா தலைகளை எண்ணி, மறுபடியும் எண்ணி, மூச்சு விட்டாள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. தீயணைப்பு வண்டி வந்ததும் கைதட்டல் கூட எழுந்தது.

கருகிய பாத்திரத்தை நீட்டிப் பிடித்தபடி வெளியே வந்தார் தீயணைப்பு வீரர்.

“யாருங்க இங்க வாத்து சமைச்சது?”

ப்ரெபென் கையைத் தூக்கினான். தண்ணீர் வற்றி, ரப்பர் கறுத்து, பிளாஸ்டிக் நெளிந்து, வாத்துக்கு அலகு கோணிப்போயிருந்தது.

யூட்டா கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

“மேலாடையக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ, ப்ரெபென். நான் கூப்பிடுற வரைக்கும் வர வேண்டாம்.”

ஜிப்பை இறக்கினான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. சனி, ஞாயிறு, அதற்கப்புறமும் அந்த வானிலைப் பெண்தான்.

கயிற்றின் கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டு டாக்னி நின்றாள். கருகிய சூப்பானோடு அவள் முன்னால் போய் முழங்காலிட்டான்.

“மன்னிச்சுக்கோ கண்ணு. கெட்டுப்போச்சு. வாயில மட்டும் வெச்சுடாத, என்ன?”

டாக்னி அதை வாங்கினாள். தன் சட்டையில் துடைத்தாள். காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள்.

“கொஞ்சம் இருக்கு” என்றாள்.

பிறகு ப்ரெபெனின் உள்ளங்கையில் அதை வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“எனக்கு எதுக்கு? நான்தான் பாப்பா இல்லியே. இது உனக்கு. நாங்க தூங்கினதும் தினமும் நீதானே அழுவுற.”