சிட்டுவும் ஐந்து ஜாக்கெட்டுகளும்

புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையில் ஓர் ஆபத்து உண்டு. மூன்றாவது வேளை விருந்துக்குள் அதை நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். நானும் நம்பினேன். இல்லையென்றால், ஊட்டியில் ஒரே ஒரு ரவுண்டு, அதுவும் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்க, சவாரி போன ஆள், "குதிரையெல்லாம் நமக்குப் பழக்கந்தானுங்க" என்று மாமனார் வீட்டில் வாயை விட்டிருப்பேனா?

மங்கலத்தில் அவர்களுக்கு விசைத்தறி. காலியான ஒரு தறிக் கொட்டகையில் சிட்டு என்ற பெண் குதிரை. (பேர்தான் சிட்டு. உருவம் லோடு ஆட்டோ.) வாங்கியது என் மச்சான் செந்தில், வளர்த்தது என் மனைவி பிரியா. கல்யாணமாகி அவள் திருப்பூர் வந்தபின் அதை வெளியே கூட்டிப்போக ஆளில்லை. நாள் முழுக்க இருட்டுக் கொட்டகை. நாங்கள் விருந்துக்குப் போவதற்குள், தீவனம் வைக்கப் போன இரண்டு பேரைக் கடித்திருந்தது.

"இன்னும் ஒருத்தரக் கடிச்சுதுன்னா சந்தைக்கு ஓட்டிருவேன்" என்று மச்சான் காலை இட்லியின்போதே சொல்லிவிட்டார். பிரியா அதற்குப்பின் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து நானே தீவனம் வெக்கறனுங்க. நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பத்து நிமிடத்தில் கொட்டகைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. பசி போலிருக்கிறது. கடி வாங்காமல் நானே வைத்துவிட்டால் குதிரையையும் காப்பாற்றியதாகும், மனைவி கண்ணில் ஹீரோவும் ஆகலாம் என்று நினைத்தேன்.

கடிக்குப் பாதுகாப்பு வேண்டுமே? நான் செக்கிங் பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஐந்து குளிர்கால ஜாக்கெட்டுகளை மாமனார் வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோயிருந்தேன். (சித்திரை வெயிலில்! எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் ரிஜெக்ட் பீஸ்தானே பலகாரம்?) ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேல் ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்துக் கட்டினேன். ஒரு கையில் தீவன வாளி, மறு கையில் குச்சி. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டவே இல்லை.

உள்ளே போனதும் சிட்டுவின் காதுகள் பின்னால் மடங்கித் தலையோடு ஒட்டிக்கொண்டன. மரியாதை என்று நினைத்தேன். "ஏய்!" என்று குச்சியை ஓங்கினேன். அடுத்த நொடி வாளி கூரையில் இருந்தது. என் தோள் அதன் வாயில் இருந்தது. நல்லவேளை, பல் மூன்றாவது ஜாக்கெட்டோடு நின்றது. உதறிக்கொண்டு மூலையிலிருந்த பழைய தறிமேல் ஏறிவிட்டேன். அது பின்பக்கத்தைத் திருப்பி உதைத்ததில் தறியே ஆடியது. செத்தோம் என்றே முடிவு செய்தேன். வேர்வை ஐந்து அடுக்கிலும் ஊறியது.

"ஏனுங்க, அசையாதீங்க." வாசலில் பிரியா. "குச்சியக் கீழ விடுங்க. அவ கண்ணைப் பாக்காதீங்க."

"விட்டா கொன்னு போடும் பிரியா!"

"அவ உங்களப் பாத்துப் பயந்துபோயி நிக்கறாளுங்க."

"நான் மட்டும் என்ன ஜாலியாவா நிக்கறேன்?"

குச்சியை விட்டேன். அவள் உள்ளே வரவில்லை, அதட்டவுமில்லை. வெளியே சுற்றிப் போய், எதிர் மூலைத் தட்டியின் இடுக்கு வழியாக ஒரு கட்டுப் புல்லை மெதுவாகத் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று சும்மா இருந்தாள். சிட்டு நீளமாக மூச்சு விட்டது. காது மெல்ல நிமிர்ந்தது. புல்லை நோக்கி நடந்தது. நான் தறியிலிருந்து இறங்கிச் சுவரோரமாக நண்டுபோல் நகர்ந்து வாசலுக்கு வெளியே போய் விழுந்தேன்.

விழுந்த இடத்தில் மச்சான் நின்றிருந்தார். என் தோளில் பஞ்சு தொங்கியது. "கடிச்சுதுங்களா மாப்பிள்ளை?"

பிரியா என்னையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தறியில் மாட்டிக் கிழிந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் பல் தடம் பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளை மரியாதை போனால் போகட்டும் என்று உண்மையைச் சொன்னேன். "கடிச்சுதுங்க மச்சான். ஆனா குச்சிய ஓங்குனது நானுங்க. குதிரையப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

மச்சான் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இந்தக் கோலத்துல உள்ள வந்தா நானே கடிச்சிருப்பனுங்க."

சிட்டு சந்தைக்குப் போகவில்லை. மறு வாரமே, அது வெளியே எட்டிப் பார்க்கக் கொட்டகைச் சுவரில் ஒரு திறப்பு வைத்தார்கள். தினமும் காலையில் மச்சானே நடக்கக் கூட்டிப்போனார். யார் உள்ளே போனாலும் முதலில் புல், பிறகுதான் மற்றதெல்லாம். கடி மெல்ல மெல்ல நின்றது.

வினை எனக்குத்தான் வந்தது. இத்தனை வருடம் கழித்தும், ஷிப்மென்ட் நாட்களில் நான் கடுகடுவென்று வீட்டுக்குள் நுழைந்தால், என் மகள் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, அப்பாவுக்குக் காது பின்னால போயிருச்சு!" உடனே பிரியா ஒரு கிண்ணம் முறுக்கை ஹாலின் எதிர் மூலையில் வைத்துவிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஆனாலும் போய்த் தின்கிறேன். தின்றதும் கோபம் போய்த்தான் விடுகிறது.