சாக்கடை சார் கேட்டு வாங்கிய கிருமி

மாம்பலம் கால்வாயை மூக்கைப் பிடிக்காமல் ரசித்த ஒரே மனிதர் சாக்கடை சார்தான். மற்றவர்கள் பாலத்தை ஓடிக் கடப்பார்கள். அவர் இறங்கிப்போய் ஒரு பாட்டிலில் மொண்டுகொண்டு வருவார்.

அன்றைக்கு எங்கள் தி. நகர் மருந்துக்கடையில் இருந்தவர்கள் நாலே பேர்: முதலாளி, ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அங்கே மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான், இருமிக்கொண்டே வந்த ஆட்டோக்காரர், கையில் பாட்டிலோடு சார்.

"அண்ணே, செவப்பும் கறுப்புமா ஒரு மாத்திரை கீதே, அதுல ரெண்டு குடு" என்றார் ஆட்டோக்காரர்.

சார் பாய்ந்தார். "ரெண்டு போட்டா கிருமி சாகாதுப்பா. அதுக்கு டியூஷன் எடுத்த மாதிரி ஆயிடும். அடுத்த தடவை மருந்தப் பாத்து சிரிக்கும். டாக்டர்கிட்ட போ, எழுதிக் குடுத்தா முழுசா சாப்பிடு."

"சாக்கடைத் தண்ணிய கைல வெச்சிக்கினு எனக்கு சுகாதாரம் சொல்றியா, நைனா?"

முதலாளி கத்தரிக்கோலால் இரண்டை வெட்டிக் கொடுத்தார். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம்.

சார் கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ப்பவர். மருந்துக்கு அடங்காத கிருமிகளை அழிக்கும், அவற்றைவிடச் சின்ன வைரஸ்களைச் சாக்கடையில் தேடிக்கொண்டிருந்தார். "கிருமி எங்க கூட்டமா இருக்கோ, அதக் கொல்றவனும் அங்கதான் இருப்பான்" என்பார்.

நான் கவலைப்படப் பிறந்தவன். தும்மினால் நிமோனியா என்று பயந்து கடையிலிருந்தே அந்த சிவப்பு கறுப்பு மாத்திரையில் ஒன்றை வாயில் போடுவேன். பயம் தெளிந்ததும் நிறுத்திவிடுவேன். வாரத்துக்கு மூன்று முறை பயம் வரும். அதனாலோ என்னவோ, கால் கட்டைவிரலில் ஆணி குத்திய புண் எந்த மருந்துக்கும் அசையவில்லை. "பத்து நாள் பாப்போம். ஆறலைன்னா விரல எடுத்துடலாம்" என்றார் டாக்டர், ரசத்திலிருந்து கறிவேப்பிலையை எடுப்பதுபோல.

சேதி கேட்ட சார், புண்ணைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்துப் போனார். மூன்றாம் நாள் இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். ஒன்றில் என் கிருமியை வளர்த்து, நடுநடுவே எட்டு மருந்துகளைப் பொட்டுப்பொட்டாக வைத்திருந்தார். ஏழு மருந்துகளைச் சுற்றிக் கிருமி வயல்போலச் செழித்திருந்தது. எட்டாவதைச் சுற்றி மட்டும் வெற்று வட்டம். இன்னொரு தட்டிலோ, கால்வாய் வைரஸை ஊற்றிய இடமெல்லாம் துடைத்துவிட்டதுபோல் சுத்தம்!

"சார், அதையே ஊத்துங்க!" காலை நீட்டிவிட்டேன்.

இப்படியொரு சோதனைக்கு ஆயுசு முழுக்கக் காத்திருந்த மனிதருக்கு, தானாக நீண்ட கால். அவரோ பின்வாங்கினார். "தட்டுல ஜெயிச்சிட்டான், சரி. உடம்புக்குள்ள என்ன பண்ணுவான்னு எனக்கே தெரியாது. தெரியாதத உன் கால்ல பாக்க மாட்டேன்."

சார் கொண்டுபோய்க் காட்டிய தட்டைப் பார்த்து, அந்த எட்டாவது மருந்தை டாக்டர் பத்து நாள் ஊசியாக எழுதினார். நாலாம் நாளே வலி குறைந்தது. எனக்குப் புதுக் கவலை: ஊசியால் கிட்னி போய்விட்டால்? நிறுத்தப் பார்த்தேன். வாசலில் சைக்கிள் மணி.

"ஏறு. கவலையையும் ஏத்திக்கோ, கேரியர் தாங்கும்" என்றார் சார். அன்றிலிருந்து தினமும் வந்தார்.

விரல் பிழைத்தது. கடைசி ஊசியன்று தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காத. உன் கிருமி ரொம்ப நல்ல கிருமிப்பா. ஆராய்ச்சிக்கு நானே வெச்சுக்கட்டுமா?"

சின்னக் குப்பியில் அடைத்து, என் பெயரை எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்தார். ரேஷன் கார்டுக்கு வெளியே என் பெயரை ஒருவர் ஆசையாக எழுதியது அதுதான் முதல் தடவை. இனிஷியலைக்கூட விடவில்லை, மனிதர்.