ஸ்லோவேனியாவின் பன்னிரண்டு மண்டலங்களும் சிலுவையம்மாள் அத்தையும்

இராயபுரம்,
ஞாயிறு.

அன்பு மகள் டெபோராவுக்கு அப்பா அருள்பிரகாசம் எழுதிக்கொள்வது. அம்மாவின் மூட்டுவலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளை நோயலும் சுகமாயிருக்கக் காலைப் பூசையில் வேண்டிக்கொண்டோம்.

நீ வேலை மாறி மாரிபோர் நகருக்குப் போய்விட்டாய், மாப்பிள்ளை கோப்பர் துறைமுகத்திலேயே இருக்கிறார், ரெண்டும் வேறு வேறு மண்டலம் என்று உன் சிலுவையம்மாள் அத்தையிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், மறுநாளே கொருக்குப்பேட்டையில் பாதிப் பேர், நீங்கள் பிரிந்துவிட்டதாக நினைத்து என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஆகையால் ஸ்லோவேனியா வரைபடத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, இன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே விளக்கினேன். மொத்த நாட்டிலும் இருபத்தொரு லட்சம் பேர்தான், சென்னைக்குள் அப்படியே அடங்கிவிடும், அதைப் பன்னிரண்டு புள்ளிவிவர மண்டலமாகப் பிரித்தது கணக்கெடுக்க மட்டும்தான், நம் மாநகராட்சி மண்டலம் மாதிரி அதற்கு நிர்வாகம் கிடையாது, நடுவில் வேலியோ கேட்டோ கிடையாது என்றேன். பக்கத்து வீட்டு வேலப்பன், அப்படியானால் சாக்கடை அடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வார்கள் என்று கேட்டார். அதற்கு நகராட்சிகள் தனியாக இருக்கின்றன என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தை மட்டும் ஒரு விரலை உன் ஊரிலும் இன்னொரு விரலை மாப்பிள்ளை ஊரிலும் வைத்தாள்.

"நடுவுல எத்தினி கலரு கீது பாரு. நாட்ட பன்னெண்டா பிரிக்கட்டும், இருவதா பிரிக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே வூட்லதான கீறாங்க? அத்த மட்டும் சொல்லு பிரகாசம்."

"சனி, ஞாயிறு ஒண்ணாதான் கீறாங்க" என்றேன். நீ அப்படிச் சொல்லவில்லை, நானாகச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டு உன் அம்மாவுக்கு முகம் தெளிந்து, வழியிலேயே வஞ்சிரம் வாங்கச் சொன்னாள். ஆகையால் ஒரு சனிக்கிழமையாவது கோப்பருக்குப் போய் என் வார்த்தையை உண்மையாக்கிவிடு. மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

மாதா உங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே காக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
அருள்பிரகாசம்

பி.கு.: கையெழுத்துப் போடும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நோயல் பெட்டியோடு வந்திருக்கிறார், தனியாக. "அவ என் போன எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு மாமா. நீங்க கூப்ட்டா எடுப்பாளா?" என்று அவராகவே கேட்டார். அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. அவர் சொன்னதைக் கேட்டாயிற்று. உன் பக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை. கூப்பிடு, கேட்கிறேன்.