சுபாஸ்கரன் வந்தால் சரிவருமாம்

சண்டிலிப்பாய்ச் சிவகரன் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். தன் வீட்டு வைஃபையில் இனி வேறொரு ஆம்பிளை கை வைக்கக் கூடாது.

விறாந்தையில் இருந்த ரூட்டர் குசினி வரைக்கும் எட்டவில்லை. மச்சான் சுவிசிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது ரூட்டர் பெட்டியோ வேறு கொம்பனிச் சாமான். இரண்டும் சேர மறுத்தன. குசினியில் மிளகாய் வறுத்தபடி வீடியோவில் கறித்தூள் வியாபாரம் பேசும் மனைவி உதயகலாவின் முகம், பாதி வசனத்தில் வாய் திறந்தபடி நின்றுவிடும்.

“சுபாஸ்கரனுக்குச் சொல்லட்டோ?” என்றாள்.

“ஆர் அவன்?”

“ரூட்டர் பூட்ட வந்த கொம்பனிப் பொடியன். என்ன பொறுமை! என்ன தன்மையாக் கதைப்பார்!”

“பொடியன் எண்டுறாய், பிறகென்ன ‘கதைப்பார்’?”

“வாட்டசாட்டமான ஆளெல்லே. மரியாதை தன்பாட்டிலை வருது.”

சட்டியில் கிடந்த மிளகாயை விடச் சிவகரனுக்குத்தான் கூட எரிந்தது. புகையிலைத் தோட்டத்தில் வெயில் குடித்த அவருடைய உடம்பை யாரும் வாட்டசாட்டம் என்று சொன்னதில்லை.

“ஒருத்தரும் வரத் தேவையில்லை. நான் செய்யிறன்.”

“உங்களுக்கு ஏலுமே? சுவரைத் துளைக்கவேணும். கூரைக்குள்ளாலை வயர் இழுக்கவேணும். சுபாஸ்கரன் எண்டால்...”

“அவன்ரை பேரை எடாதை!”

எடுக்காமல் விட்டாளா? அவர் ஏணியில் ஏறினால், “சுபாஸ்கரனுக்கு ஏணியே தேவையில்லை, பாய்ஞ்சு ஏறுவார்” என்பாள். அவர் தலையில் ஒட்டடையோடு இறங்கினால், “சுபாஸ்கரன்ரை சேட்டு கசங்காது” என்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏறுவார்.

வயர் இழுத்து முடிந்தும் சரிவரவில்லை. இரண்டு பெட்டிக்கும் ஒரே விலாசம். நான்தான் இந்த வீட்டுக்குப் பெரியவன் என்று இரண்டும் மல்லுக்கு நின்றதில் வீடு முழுக்க வைஃபை செத்துப்போனது.

“சுபாஸ்கரனை...” என்று உதயகலா தொடங்கினாள்.

“பொறு!”

அப்போதுதான் அவருக்குத் தோட்டம் ஞாபகம் வந்தது. ஒரு வாய்க்காலில் இரண்டு பேர் நின்று தண்ணியைத் திருப்பினால் சண்டைதானே! புதுப் பெட்டியின் அதிகாரத்தைப் பிடுங்கி, வருவதைக் கடத்திவிடும் வேலையை மட்டும் கொடுத்தார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். குசினி என்ன, கிணற்றடி வரைக்கும் வைஃபை பாய்ந்தது.

உள்ளே உதயகலா தூள் வாங்கும் கனடாக்காரியோடு தடங்கலில்லாமல் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். சிவகரனுக்கு வெற்றி மட்டும் போதவில்லை. எதிரி அதை அறியவும் வேண்டும். ரூட்டரில் ஒட்டியிருந்த சுபாஸ்கரனின் நம்பருக்கு எடுத்தார்.

“தம்பி சுபாஸ்கரன், நீர் இனி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை. ரெண்டு பெட்டியையும் நானே சேர்த்துப்போட்டன்!”

“நல்லதாப் போச்சு அண்ணை! வேறை கொம்பனிச் சாமானிலை நாங்கள் கை வைக்கேலாது எண்டு அக்காட்டை முதலே சொல்லிப்போட்டனே.”

“அவ என்ன சொன்னவ?”

“‘நீர் வரவேண்டாம் தம்பி, உம்மடை பேரை மட்டும் கடனாத் தாரும். மிச்சத்தை என்ரை மனுசன் செய்வார்’ எண்டவ.”