இரண்டு முறை அடி வாங்கிய காசு

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய வரதராஜுலு மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் சண்முகப்ரியா வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமியின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய காசும் பத்திரமாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீங்கள் மேற்கொண்டு படிக்கமாட்டீர்கள். "மேல் முத்திரைக்கு அடியில இருக்கிறது வில்லா, வேற எதாவதான்னு பாத்து எழுதி அனுப்பு, போன்ல சொல்றது என் கட்டுரைக்கு ஆதாரமாகாது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும். குழந்தை கலைமதி பேச ஆரம்பித்தாளா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கும் வருகிறேன்.

ஒரு ராஜா போட்ட காசை இன்னொரு ராஜா பிடுங்கி, உருக்கக்கூடச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே தன் உருவத்தை அடித்துவிட்டான் என்று நீங்கள் சொன்னதை இவரிடம் சொன்னேன். "எங்க லேப்ல பெரிய மைக்ராஸ்கோப் இருக்கு" என்று இவர் காசை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, வாஷர் அடிக்கிற தன் கம்பெனிக்குப் போனார். லேப் பூட்டியிருந்திருக்கிறது. காசை மேஜையில் வைத்துவிட்டுச் சாவி வாங்கப் போன நேரத்தில், திருநெல்வேலிக்கார சூப்பர்வைசர் சுடலைக்கண்ணு அதைக் கையில் எடுத்து, "ஏலே, இதுல ரெண்டு அடில்லா விழுந்திருக்கு! பிரஸ்ல யாருலே நின்னது?" என்று கத்தி, சிவப்புப் பெயிண்டைத் தடவி ரிஜெக்ட் தொட்டியில் போட்டுவிட்டார். ஒரே பொருளில் அச்சு இரண்டு முறை விழுந்தால் அங்கே கழிவாம், ராஜாவே அடித்தாலும் சரி. இவர் வாஷர்களுக்கு நடுவே துழாவிக் கண்டெடுத்து வெளியே வந்தால், கேட்டில் செக்யூரிட்டி, "இன்னா சார், கம்பெனி பொருளை டிபன் பாக்ஸ்ல போட்டுக்கினு போற?" என்று பிடித்துக்கொண்டார். "ராஜா காலத்துக் காசுங்க இது." "எந்த ராஜாவா இருந்தா இன்னா? கேட் பாஸ் கீதா?" கடைசியில் சுடலைக்கண்ணுவே கையெழுத்துப் போட்டு, 'உபயோகமற்ற வாஷர்' என்ற பெயரில் உங்கள் காசு வீடு வந்து சேர்ந்தது.

அதோடு போகவில்லை. வெள்ளிக்கிழமை என் மாமியார் சந்திரம்மாள் பூஜைச் செம்புகளோடு அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். "அத்தை, அந்தப் பச்சைக் களிம்புதான் அதோட வயசுக்கே சாட்சி!" என்று அலறினேன். "வயசு தெரியறதுல இன்னாடி பெருமை? பாரு, புதுசு கணக்கா மின்னுது" என்று பூஜைத் தட்டில் வைத்தார். நான் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். காசுக்காகப் பாதி. மீதி, அன்று காலை கலைமதியைப் பிளே ஸ்கூலில் "பேச்சு வந்தப்புறம் கூட்டிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பியதற்காக. மூன்று வயது நெருங்குகிறது மாமா, தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்தின் மேல் வைப்பாளே தவிர ஒரு சொல் கிடையாது. காது நன்றாகக் கேட்கிறது, பொறுங்கள் என்கிறார் டாக்டர். பொறுப்பதற்கு மாத்திரை எழுதித் தரவில்லை.

அப்போதுதான் கலைமதி தட்டிலிருந்து காசை எடுத்தாள். தலைகீழாகத் திருப்பினாள். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. விரலை வைத்து, "மீன்" என்றாள்.

தெளிவாக, கடைசி எழுத்துவரை! "இன்னாடி சொன்னா?" என்று அத்தை ஓடிவர, மறுபடியும் "மீன்." என் அழுகை நின்றது, அத்தை ஆரம்பித்தார். பிறகு நானும் காசைத் தலைகீழாக்கி, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நிற்கிற ராஜாவின் முழங்காலருகே பிளந்த வால் இருக்கிறது. நீங்கள் சேரர் வில் என்று நினைத்த வளைவு அதன் முதுகு. ஆகவே, அடியில் இருப்பது பாண்டியர் மீன் என்று உங்கள் கட்டுரையில் தைரியமாக எழுதுங்கள். நன்றி சொல்லும் இடத்தில் கலைமதி பெயரையும் சேருங்கள். நாங்கள் வல்லக்கோட்டை முருகனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துகொள்கிறோம்.

மாமிக்கு என் நமஸ்காரம். உங்கள் கண்ணும் கையும் இன்னும் நூறு காசு பார்க்கட்டும்.

அன்புடன்,
சண்முகப்ரியா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கலைமதி கேஸ் சிலிண்டரைக் காட்டி "மீன்" என்றாள். ஃபேனும் மீன். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவும் மீன். பதறிப்போய்க் காசை மறுபடி பார்த்தேன். இப்போது மீனும் தெரிகிறது, வில்லும் தெரிகிறது, கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சிலிண்டரும் தெரிகிறது. கட்டுரையிலிருந்து மீனை எடுத்துவிடுங்கள் மாமா. நான் இவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்வருகிறேன். வழியில் இன்னும் எதையெல்லாம் மீன் என்று சொல்லப்போகிறாளோ, கேட்க வேண்டும்.