எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம்

மதிப்பும் பாசமும் இன்னும் குறையாத சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள். இங்கே யாரும் நலமில்லை. உங்கள் நலத்தை அறிய எனக்கு ஆவல் இருந்தது. நீங்கள் எங்கள் தலைவர் தராசு அண்ணனுக்கு அனுப்பிய வாழ்த்தை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு பேக்கரிச் சுவரில் மாட்டியதைப் பார்த்த பிறகு அதுவும் கொஞ்சம் குறைந்துவிட்டது. "உன் கையில் பேக்கரி பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்பப் பத்திரமாக இருக்கிறது சித்தப்பா. எங்களில் ஒருத்தர்கூட அதைத் தொடமுடியாத அளவுக்குப் பத்திரம்.

மரியாதைக்குறைவாக ஏதாவது எழுதினால் மன்னியுங்கள். மன்னிக்க மனம் வராவிட்டாலும் பரவாயில்லை, சனிக்கிழமை இங்கே வந்துவிடுங்கள். அன்றைக்கு என் அக்காவை பேக்கரியை விட்டே நீக்கத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். நீங்கள் இருந்த காலத்திலிருந்து அடுப்படியில் நிற்கிற, அவள் புருஷன் இறந்துபோன மறுவாரமே வேலைக்கு வந்து நின்ற, அதே அக்காவை. நீக்கினால் வேலை போகும், பங்கு போகும், பிள்ளைகள் இரண்டு பேருடைய படிப்பும் அதோடு போகும். எதிரில் புதிதாக வந்திருக்கிற கடையிலும் சேர்க்கமாட்டார்கள், ஏனென்றால் அவள் எங்கள் கடை உளவாளி என்று அவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கடையில் அவளை எதிர்க்கடை உளவாளி என்கிறார்கள். ஒரு பொம்பளை அடுப்புச் சூட்டில் நின்றுகொண்டே இரண்டு பக்கமும் உளவு பார்க்கிறாளாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். பழைய முதலாளி விட்டுவிட்டு ஓடின அடுப்பை நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் சேர்ந்து பற்றவைத்தீர்கள், வேலை செய்கிற எல்லோரும் பங்காளி, ஆளுக்கு ஒரு கை, கைக்கு ஒரு ஓட்டு என்று விதி எழுதினீர்கள், "இந்த பேக்கரிக்கு முதலாளி கிடையாது" என்று சிவப்புப் பெயிண்டில் சுவர் முழுக்க எழுதியும் வைத்தீர்கள். அந்த எழுத்து இன்னமும் இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை. அதற்குக் கீழே நீல பெயிண்டில் "தலைவர் உண்டு" என்று சேர்த்திருக்கிறார்கள். உங்கள் எழுத்தைவிட அது கொஞ்சம் பெரிசு.

தராசு அண்ணனைத் தலைவராக்கியது நாங்கள்தான், அதில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. உங்களுக்கே தெரியும், பிசைந்த மாவை உருண்டையாகக் கிள்ளித் தராசில் போடுகிற வேலை அவருடையது. ஒரு சிட்டிகை கூடினாலும் எடுப்பார், குறைந்தாலும் வைப்பார். தன் வீட்டுக்குக் கொண்டுபோகிற ரொட்டியைக்கூட நிறுத்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். இப்படிப்பட்ட மனுஷனை விட்டு வேறு யாரைத் தலைவராக்குவது? கையைத் தூக்கினோம், கைதட்டினோம், அவர் கண்கலங்கினார், நாங்களும் கலங்கினோம். ஒருத்தன் கதவை உடைத்துக்கொண்டு வந்து பதவியைப் பிடித்திருந்தால் அவனை அடித்து விரட்டியிருப்போம் சித்தப்பா. நாங்களே கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, மின்விசிறியையும் அந்தப் பக்கம் திருப்பிவைத்தோம். இப்போது அவரை எழுப்ப ஆளில்லை.

அப்புறம் எதிரில் புதுக் கடை வந்தது. முன்பக்கம் பூராவும் கண்ணாடி, உள்ளே குளிர்காற்று, பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டிக் கொடுக்கிறார்கள். எங்களுக்குப் பயம் வந்தது உண்மைதான். அந்தப் பயத்தை அண்ணன் நன்றாக ஊறவைத்து உப்பவைத்தார். ஆபத்துக் காலத்தில் பேசிக்கொண்டிருக்க நேரமேது என்றார். முன்பெல்லாம் வேலை முடிந்து, கை கழுவி, டீ குடித்துக்கொண்டே மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கூட்டம் நடக்கும், ஒருவருக்கொருவர் கத்துவோம், கோபித்துக்கொண்டு போவோம், திரும்பி வந்து டீயை முடிப்போம். இனிமேல் மாவு பிசைகிற நேரத்திலேயே கூட்டத்தை முடித்துவிட்டால் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்று சொன்னால் எந்தத் தொழிலாளி வேண்டாம் என்பான்? ஒரே மூச்சில் எல்லோரும் தூக்கினோம். கழுவின கையால் நாங்கள் போட்ட கடைசி ஓட்டு அதுதான்.

நீங்கள் மாவுத் தொட்டியை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது, மறந்திருப்பீர்கள். நீளத் தொட்டியைச் சுற்றி எல்லோரும் குனிந்து நிற்கிறோம், முழங்கை வரைக்கும் கை உள்ளே, வெளியே இழுத்தால் மாவும் கூடவே பசைபோல இழுத்துக்கொண்டு வரும். இந்த நிலையில் முதல்நாள் அண்ணன் "ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். ஒரு கை எழவில்லை. தீர்மானம் தோற்றுவிட்டது. அண்ணன் முகம் கறுத்துப்போய் அறைக்குள் போனார். அடுத்த நாள் அதே தீர்மானம், அதே தொட்டி, அதே மாவு, கேள்வியை மட்டும் திருப்பிப் போட்டார்: "எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம்." ஒரு கை எழவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்றிலிருந்து எங்கள் பேக்கரியில் கருத்து வேறுபாடு என்ற ஒன்றே கிடையாது. எதிர்க்கடை மூடும்வரை தேர்தல் வேண்டாம், ஏகமனது. தலைவருக்குத் தனி அறை, ஏகமனது. தராசு வெளியே இருந்தால் எதிரி கெடுத்துவிடுவான், அது தலைவர் அறைக்குள்ளேயே பூட்டியிருக்கட்டும், ஏகமனது. அண்ணனுடைய மச்சான், ரொட்டிக்கும் அவனுக்கும் தின்பதைத் தவிர வேறு சம்பந்தமில்லாதவன், யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொள்கிற அதிகாரி, அதுவும் ஏகமனது.

தொட்டியில் நிற்கிறவர்களில் ஒரே ஒருத்தன் ஒருநாள் தூக்கிப் பார்த்தான். நம்ம பன்னுதான். ஆளும் அப்படியே இருப்பான், மனசும் அப்படியே இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். அவன் ஆவேசமாகக் கையைப் பிடுங்கி மேலே வீசினதில் ஒரு கட்டி மாவு பறந்துபோய் அண்ணன் சட்டையில் அப்பிக்கொண்டது. எங்களுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. தலைவர்மேல் தாக்குதல் என்று ஒரு குற்றம், பொதுச்சொத்தான மாவை வீணாக்கினது என்று இன்னொரு குற்றம், தண்டனையாக அத்தனை தட்டுகளையும் அவன் ஒருத்தனே கழுவவேண்டும். அதற்கான தீர்மானமும் ஏகமனதுதான். பன்னுவே எதிர்க்கவில்லை, கை மறுபடி தொட்டிக்குள் போய்விட்டதே. எதிர்க்கிறியாடா என்று பிறகு கேட்டேன். "எதிர்ப்புதான்பா, மனசு பூரா எதிர்ப்புதான். கைதான் வரமாட்டேங்குது" என்றான்.

இதற்கிடையே ரொட்டி சிறுத்தது. பிசைகிறவனுக்குத் தெரியாதா, உள்ளங்கை நிறைய உட்கார்ந்த உருண்டை இப்போது பள்ளத்தில் உருளுகிறது. மிச்ச மாவு எங்கே போகிறது என்று கேட்டால் பாதுகாப்புக்கு என்கிறார்கள். மாவுக்கு என்ன பாதுகாப்பு சித்தப்பா, அது எந்த நாட்டோடு சண்டைக்குப் போகிறது? ரொட்டி சிறிசாகிவிட்டதே என்று கடைக்கு வந்த ஒரு டீச்சரம்மா கேட்டுவிட்டார்கள். ரொட்டி அப்படியேதான் இருக்கிறது, உங்கள் கைதான் பெருத்துவிட்டது என்று பதில் சொல்ல கல்லாவில் இருக்கிறவருக்கு உத்தரவு. அந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டீச்சரம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோரிலும் மாவு ஒட்டாத கை அவளுடையது ஒன்றுதான். அவளுக்கு அடுப்பு வேலை, கையில் இருப்பது ரொட்டியை உள்ளே தள்ளி வெளியே இழுக்கிற நீளத் துடுப்பு. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிதானமாகக் கையைத் தூக்குவாள். மச்சான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணுவான், அவள் கை கணக்கிலேயே வராது. இது இப்படியே போயிருக்கும். ஆனால் அவள் ஒருநாள் நம் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நேரே தெருமுனைக் காய்கறிக்காரர் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டாள். எவ்வளவு குறைந்தது என்று அங்கே வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அன்றைக்கு அண்ணன் பேசின பேச்சை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். நம் ரொட்டியை அந்நியத் தராசில் ஏற்றிவிட்டாள் என்றார். நிஜமாகவே அழுதார். திருட்டை நிறுத்துக் காட்டினவள் துரோகி, திருடினவருக்குக் கண்ணீர். அக்காவை அடுப்பிலிருந்து எடுத்து மாவுத் தொட்டிக்கு மாற்றினார்கள். அந்த ஒரு கையும் உள்ளே போய்விட்டது. அடுப்பு மச்சானிடம். அவன் போட்டதெல்லாம் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. ஒரு தட்டு பூராவும் கருகி வெளியே வந்தபோது அது எதிர்க்கடையின் சதி என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான்.

மாற்றின அன்றைக்கே அக்கா கேட்டாள், எல்லோருக்கும் நடுவில், சத்தம் போடாமல். "எல்லாரும் கையக் கழுவிட்டு வரட்டும் அண்ணே. அப்புறம் கேளுங்க."

"மாவு காத்துக்கிட்டு இருக்குமாம்மா?" என்றார் அண்ணன். எவ்வளவு அன்பாகக் கேட்டார் தெரியுமா, பார்க்கிறவர்களுக்கு அவர்மேல்தான் இரக்கம் வரும்.

"மாவு இருக்கும். நீங்க இருப்பீங்களான்னுதான் சந்தேகம்."

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் சனிக்கிழமைத் தீர்மானம். வீட்டுக்கு வந்தால் அம்மா அவளைப் போட்டு வறுக்கிறாள், ஊரில் இல்லாத நியாயம் உனக்கு மட்டும் எதுக்குடி, வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா என்று. அக்கா சாப்பிட்டுக்கொண்டே, "நான் என்ன ஆட்சியவா கவுக்கப் போனேன்? ரொட்டிய நிறுத்துப் பாத்தேன்மா" என்றாள். பிள்ளைகள் இரண்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தன.

எனக்கு ஆத்திரம் யார்மேல் என்று கேட்டால் வரிசை பெரிசு. அண்ணன்மேல். மச்சான்மேல். டீக்கடையில் காலை ஆட்டிக்கொண்டு, ஆயிரம் சொல்லு, கண்டிப்பான ஆள் வந்தபிறகுதான் அடுப்பு நேரத்துக்கு எரியுது என்கிற எங்கள் ஆட்கள்மேல். உங்கள்மேலும்தான் சித்தப்பா. எச்சில் துப்பக்கூடாது என்பதற்கு விதி எழுதினீர்கள், ஈரக் காலோடு வரக்கூடாது என்பதற்கு எழுதினீர்கள், நல்லவன் ஒருத்தன் தலைவனாகி அப்புறம் இறங்கமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதவில்லை. கெட்டவனைத் தேர்ந்தெடுக்கமாட்டோம் என்று நம்பினீர்கள். நாங்களும் கெட்டவனைத் தேர்ந்தெடுக்கவில்லையே. எழுதவேண்டியதை எழுதாமல் விட்டுவிட்டு, மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்துகொண்டு வாழ்த்து மட்டும் எழுதி அனுப்புகிறீர்கள்.

கோபத்தை விடுங்கள், வேலையைச் சொல்கிறேன். நீங்கள் வந்து பிரசங்கம் செய்யவேண்டாம். கூட்டம் ஆரம்பிக்கும்போது குழாயடியில் நின்று, "எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்கடா" என்று உங்கள் பழைய குரலில் ஒரு அதட்டல் போடுங்கள், போதும். எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை சித்தப்பா, கோழைகளும் இல்லை. மாவுதான் கட்டிப்போட்டிருக்கிறது. கழுவின கையோடு கேட்டால் அக்காவை நீக்கக்கூடாது என்று இத்தனை கையும் எழும். என் கை மட்டும் காலியாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது, என்றைக்கோ நான் முதல் ஆளாகத் தூக்கியிருப்பேன். இது சத்தியம்.

சித்திக்கு என் வணக்கம், முழங்கால் வலி தேவலையா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் அன்பு, குட்டிப்பயலுக்கு முத்தம். திட்டினதையெல்லாம் உங்கள் பிள்ளை திட்டினதாக எடுத்துக்கொண்டு எனக்கு ஆசீர்வாதம் பண்ணுங்கள், பண்ணிவிட்டு உடனே பஸ் ஏறுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் கேட்கிற,
அண்ணன் மகன்

பின்குறிப்பு: டிக்கெட் எடுக்கவேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்கு முன்பே, சனிக்கிழமைக் கூட்டத்தை இன்றைக்கே வைத்து முடித்துவிட்டார்கள். காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மச்சானால் முடியவில்லை, இனிமேல் அடுப்பு உன் பொறுப்பு என்று துடுப்பைக் கொடுத்தார். தொட்டியில் என் இடம் காலி. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். நகக்கண்ணில்கூட ஒரு பொட்டு மாவு இல்லை. அக்காவின் பெயரைச் சொல்லி, எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். அவர் அவசரப்படவில்லை, நிறைய நேரம் கொடுத்தார். நான் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. அக்கா தொட்டியிலிருந்து கையை எடுத்து, விரல் விரலாக மாவை வழித்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தாள். அடுப்பைத் தாண்டிப் போகும்போது நின்றாள். என்னமோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "உள்ள கருகுதுடா, எடு" என்றாள். எடுத்தேன்.